அங்கியும் நகமும்

சோதனை என்னும் சொல் தமிழில் இருவேறு வாழ்வு வாழ்கிறது. பொற்கொல்லர் பட்டறையில் அது உரைகல்லின்மேல் பொன்னை இழைத்து மாற்று அறிவது. சமய உரைகளில் அது மனிதனை வழி பிறழச் செய்ய வரும் மயக்கம். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது தமிழுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் அன்று. அரபு மொழியில் ‘ஃபித்னா’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள், பொன்னையும் வெள்ளியையும் நெருப்பிலிட்டு மாசு பிரித்தறிதல் என்பர். விவிலியத்தின் புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியிலும் தேர்வுக்கும் மயக்குதலுக்கும் ஒரே சொல்லே வழங்குகிறது. மனிதனை மயக்க வருவதே மனிதனை அளக்கவும் வருகிறது என்னும் உண்மையை மூன்று மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டன போலும்.

சொல்லுக்குள் அடங்கிய இந்த இருபொருளை வண்ணத்தில் தீட்டிக் காட்ட முயன்றவர்கள் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள். அவர்களை யாம் அறிந்தது நூலகத்தில் உள்ள ஓவியத் தொகுப்பு நூல்களின் வழியாகவே. தமிழ் பயிற்றும் எமக்கு இத்தாலிய ஓவியத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவுவதுண்டு. உறவு உண்டு. அதன் பெயர் உள்ளுறை.

கருப்பொருள்களாகிய விலங்கும் பறவையும் மரமும் மலரும் தம்மைச் சொல்லிக்கொண்டே தம்மின் வேறான ஒன்றையும் சொல்லி நிற்பது உள்ளுறை உவமம். கருப்பொருள்களுள் தெய்வத்தை விலக்கி, ஏனையவற்றையே உள்ளுறைக்கு இடமாகக் கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. உயர்ந்ததைச் சொல்ல அன்றாடப் பொருளே போதும் என்பது இதனால் பெறப்படும். மறுமலர்ச்சி ஓவியரும் இவ்வாறே கனியையும் மீனையும் முயலையும் பொற்குவியலையும் துறவியின் அங்கியையும் கொண்டு, கண்ணால் காணவொண்ணாத ஒரு போரைத் தீட்டினர்.

உருவங்களைத் தீட்டாமல் எழுத்தணியாலும் கோல அமைப்பாலும் வழிபாட்டிடத்தை அழகுசெய்யும் மரபில் வந்தவர்கள் நம் வாசகர்களுட் பலர். அவர்களுக்கு இவ்வோவியங்கள் வழிபடு பொருள் அல்ல. ஆயினும் ஆதமின் வரலாறு யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூவருக்கும் பொதுவானது. மயக்குவோன் ஒருவன் உளன் என்பதும் மூவர்க்கும் பொது நம்பிக்கை. அவனை ஓர் ஓவியன் எவ்வாறு கண்டான் என்று அறிவது, நம் உள்ளத்தை நாமே அறிய உதவும் ஒரு கல்வியாகும்.

கரிய உருவிலிருந்து நம் முகத்துக்கு

மறுமலர்ச்சிக்குச் சற்று முன்னிருந்து தொடங்குவோம். இத்தாலியின் சியனா நகர்ப் பேராலயத்துக்காக டுச்சோ என்பார் 1308 முதல் 1311 வரை ஒரு பெரும் பலகை ஓவியத் தொகுதியைத் தீட்டினார். அதன் ஒரு பகுதி இன்று நியூயார்க் நகரில் பிரிக் கலைக்கூடத்தில் உள்ளது. மலையின்மேல் இயேசுநாதர் நிற்கிறார். கீழே உலகின் அரசுகள், மதில் சூழ்ந்த பொம்மை நகரங்கள்போல் சிறுத்துக் கிடக்கின்றன. எதிரே அலகை, கரிய உடலும் சிறகுகளுமாய் நிற்கிறது. சிறு குழந்தையும் அதனைக் கண்ட அளவில் இன்னது என்று சொல்லிவிடும். இத்தகைய அலகையிடம் ஏமாறுவது கடினம். தன் பெயரைத் தன் உடலிலேயே எழுதிக்கொண்டு வரும் பகைவனுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு நூற்றாண்டு கழிகிறது. பிளாரன்ஸ் நகரின் கார்மினே தேவாலயத்தில் பிரான்காச்சி சிற்றாலயம் என்று ஒன்று உண்டு. அதன் நுழைவாயிலின் இருபுறத் தூண்களிலும் இரண்டு சுவரோவியங்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. 1420களில் தீட்டப்பெற்றவை அவை. ஒருபுறம் மாசோலினோ தீட்டிய மயக்கம். மறுபுறம் அவருடைய இளைய தோழர் மாசாச்சியோ தீட்டிய வெளியேற்றம். முன்னதில் ஆதமும் ஏவாளும் அமைதியாக நிற்கின்றனர். அச்சமோ ஆவலோ முகத்தில் இல்லை. மரத்தைச் சுற்றிய பாம்பு ஏவாளின் தலைக்கு மேலாக எட்டிப் பார்க்கிறது. அப்பாம்பின் தலை, பொன்னிறக் கூந்தல் கொண்ட பெண்ணின் தலை. ஏவாளின் முகத்தையே ஒத்த முகம்!

இது மாசோலினோ ஒருவரின் கற்பனை அன்று. அக்காலத்தில் பரவியிருந்த மரபு. வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ள ஹியூகோ வான் டெர் கோஸின் ஓவியத்திலும் அது உண்டு. அங்கே மயக்குவோன் பாம்பு வடிவில்கூட இல்லை. பல்லிபோன்ற உடலும் கால்களும் பெண் முகமும் கொண்டு மரத்தருகே நிமிர்ந்து நிற்கிறான். ஊர்ந்து செல்வது விவிலியத்தின்படி பின்னர் வந்த தண்டனை. ஆகவே அதற்கு முன் அவ்வுயிர்க்குக் கால்கள் இருந்திருக்க வேண்டும் என்பது அவ்வடிவத்தின் தருக்கம்.

பெண்முகப் பாம்பு என்னும் இம்மரபில் பெண்ணின்மேல் பழி ஏற்றும் நோக்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. திருக்குர்ஆன் இவ்வரலாற்றைக் கூறுமிடத்து இருவரும் ஒருங்கே சறுக்கியதையும் ஒருங்கே மன்னிப்பு வேண்டியதையும் சொல்கிறது. பழியை ஏவாள்மேல் மட்டும் சுமத்துவதில்லை. கனியின் பெயரைத் திருக்குர்ஆனும் சொல்லவில்லை, விவிலியமும் சொல்லவில்லை. ஆப்பிள் என்று பலர் தீட்டியதற்கு இலத்தீன் மொழியில் அக்கனிக்கும் தீமைக்கும் ஒலியொத்த சொற்கள் இருந்தமை ஒரு காரணம் என்பர்.

ஆனால் அப்பழியை விலக்கிவிட்டு அம்முகத்தை மீண்டும் நோக்கினால் மற்றோர் உண்மை தோன்றும். மயக்குவோன் அந்நியனாக வருவதில்லை. கேட்பவரின் முகத்தை வாங்கிக்கொண்டு, கேட்பவரின் குரலிலேயே பேசுகிறான். ஏவாள் தலைநிமிர்ந்து பார்த்திருந்தால் கண்ணாடியைக் கண்டதாகவே எண்ணியிருப்பாள்.

எதிர்ச்சுவரில் மாசாச்சியோ தீட்டிய ஆதம், இரு கைகளாலும் தன் முகத்தைப் பொத்திக்கொண்டு நடக்கிறார். உடலை மறைக்க அவருக்குக் கையில்லை. முகத்தை மறைக்கவே இரண்டும் வேண்டியிருந்தன. மயங்கிய நேரத்தில் காணப்பெறாத துயரம், மயக்கம் தெளிந்த பின்னரே முகத்தில் எழுதப்படுகிறது. இவ்வுருவங்களின்மேல் 17ஆம் நூற்றாண்டில் யாரோ இலைகளைத் தீட்டி மூடினர். 1980களில் நடந்த சீரமைப்பில் அவை நீக்கப்பெற்றன. முகம் பொத்திய அக்கைகளை மட்டும் எக்காலத்தவரும் மூடவில்லை.

பின்னர் மைக்கேலாஞ்சலோ, 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேல்விதானத்தைத் தீட்டியபோது இவ்விரு காட்சிகளையும் ஒரே சட்டத்துள் அடக்கினார். நடுவே மரம். அதனைச் சுற்றிய பெண்ணுருப் பாம்பின் கை ஒருபக்கம் கனியை நீட்டுகிறது. மறுபக்கம் வாளேந்திய வானவரின் கை நீள்கிறது. ஒரே மரத்தின் இரு கிளைகள்போல் அவ்விரு கைகளும் தோன்றுகின்றன. கொடுத்த கைக்கும் துரத்திய கைக்கும் இடையே ஒரு மரத்தின் பருமனே தொலைவு.

துறவியின் அங்கி

அதே சிற்றாலயத்தின் பக்கச்சுவரில், மைக்கேலாஞ்சலோவுக்கு ஏறத்தாழ முப்பதாண்டு முன்னதாக, போத்திச்செல்லி ஓர் ஓவியம் தீட்டினார். 1481, 1482ஆம் ஆண்டுகளில் போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டஸ் வேண்ட, அது உருவாயிற்று. இயேசுநாதர் பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தபின் எதிர்கொண்ட மூன்று சோதனைகள் அதன் பொருள். முன்னிலையில் பெருங்கூட்டமும் பலிச்சடங்கும் நடைபெறுகின்றன. சோதனைகளோ மேலே, தொலைவில், சிறு உருவங்களாக நிகழ்கின்றன. கூட்டத்தில் ஒருவரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் தன் சடங்கில் மூழ்கியிருக்க, மெய்யான போர் ஊரறியாமல் மலையோரத்தில் நடக்கிறது.

கல்லை அப்பமாக்குக என்று கேட்டு வருபவன் இங்கே கரிய விலங்கு அல்லன். வயது முதிர்ந்த தவசி. முக்காடிட்ட நீண்ட அங்கி, கையில் கோல். பசித்த ஒருவர்பால் இரக்கங்கொண்டு ஒரு பெரியவர் பேசுகிறார் என்றே வழிப்போக்கர் எவரும் நினைப்பர். அந்த அங்கி பிரான்சிஸ்கன் சபைத் துறவியரின் உடையை ஒத்தது என்பர் சிலர். ஓவியத்தை வேண்டிய போப்பாண்டவரே அச்சபையிலிருந்து வந்தவர் என்பதை எண்ணும்போது ஓவியரின் துணிவு வியப்பளிக்கிறது. ஆயினும் கூர்ந்து நோக்குவார்க்கு ஓவியர் ஓர் உதவி செய்துள்ளார். அங்கியின் பின்னே வௌவால் சிறகு தெரிகிறது. அங்கியின் கீழே மனிதர்க்கு உரியதல்லாத நகக்கால் தெரிகிறது. மூன்றாம் சோதனையில் அங்கி கழன்று, அலகை தன் மெய்யுருவோடு மலையிலிருந்து வீழ்கிறது.

இதுவே மறுமலர்ச்சி ஓவியம் நமக்குக் கற்பித்த பெரும்பாடம் என்பது எம் கருத்து. தீமை தீமையின் உடையில் வந்தால் அது அச்சுறுத்தல். நன்மையின் உடையில் வந்தால்தான் அது சோதனை. பசித்தவர்க்கு அப்பம் தருவதைவிட நல்ல செயல் யாது? முதற்சோதனை அந்த நற்செயலின் பெயரால்தான் வந்தது.

ஆனால் இங்கே ஒரு வினா எழுகிறது. அந்த நகம் யாருக்காகத் தீட்டப்பெற்றது? ஓவியத்துக்கு வெளியே நிற்கும் நமக்காக. ஓவியத்துள் சோதனைக்கு ஆட்படுவோர் காலை நோக்குவதில்லை, முகத்தையே நோக்குகின்றனர். நம் வாழ்வில் நாம் ஓவியத்துக்கு வெளியே நிற்பவர் அல்லர், உள்ளே நிற்பவர். நமக்காக நகம் தீட்டித் தருவார் எவருமிலர்.

எம் பணிக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்லுதல் பொருந்தும். ஓர் உதவித்தொகைக்கு மாணவர் இருவர் தகுதி பெறும் நிலையில் இருந்தனர், கிடைப்பதோ ஒருவர்க்கே. அகமதிப்பீட்டு மதிப்பெண் எம் கையில் இருந்தது. அந்நிலையில் ஊரார் மதிக்கும் பெரியவர் ஒருவர் எம் இல்லம் தேடி வந்தார். தமக்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை. “தகப்பன் இல்லாத பிள்ளை, ஐயா. நீங்கள் மனம் வைத்தால் ஒரு குடும்பம் கரையேறும். இதுவும் ஒரு தருமம்தானே?” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அக்கலக்கம் மெய்யானது என்பதில் எமக்கு இன்றளவும் ஐயமில்லை.

அன்றிரவு யாம் உறங்கவில்லை. சட்டம் பெரிதா, இரக்கம் பெரிதா என்று எமக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. இரக்கத்தின் பக்கம் பேசிய குரல் மிக இனிமையாக இருந்தது. அவ்வினிமையே எமக்கு ஐயத்தை எழுப்பிற்று. அப்போதுதான் ஒன்று நினைவில் தட்டியது. இவ்வளவு பேச்சிலும் மற்ற மாணவனின் பெயர் ஒருமுறையும் வரவில்லை. அவனும் ஏழையே, அவனுக்காகப் பேச எவரும் வரவில்லை, அவ்வளவே வேறுபாடு. மறைவாகக் கொடுப்பது அறம் என்று பெரியோர் சொல்லியுள்ளனர். ஆனால் அங்கே மறைக்கப்படுவது கொடுப்பவனின் பெயர். இங்கே மறைக்கப்படுவது இழப்பவனின் பெயர். அங்கியின் கீழே தெரிந்த நகம் அதுவே.

மதிப்பெண் உள்ளபடியே இருந்தது. அப்பிள்ளையின் கட்டணத்துக்கு எம்மால் இயன்றதைத் தனியே செய்தோம். பெரியவர் நெடுநாள் எம்மைக் கண்டு முகம் கொடுக்கவில்லை. இதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. ஏனெனில் பின்னர் எண்ணிப் பார்க்கையில் ஒன்று தெளிவாயிற்று. வந்தவர் அலகை அல்லர், நல்ல மனிதர். ‘இரக்கமுள்ள ஆசிரியர்’ என்று நாலு பேர் சொல்லக் கேட்க வேண்டும் என்ற எம் விருப்பமே அங்கி அணிந்து எம்முன் நின்றது. அது அணிந்திருந்ததும் எம் அங்கியையே.

மீன்கடையில் பிறந்த பேய்கள்

மறுமலர்ச்சி ஓவியர் பலரைக் கவர்ந்த மற்றொரு பொருள், எகிப்தியப் பாலைநிலத்துத் தவசியாகிய அந்தோனியாரின் சோதனை. தமிழ்க் கிறித்தவர் இவரை ‘வனத்து அந்தோனியார்’ என்பர். ஏறத்தாழ 251இல் பிறந்து 356இல் மறைந்தவர். இளமையில் பெற்றோரை இழந்தபின் தம் நிலபுலங்களை விட்டுக் காட்டுக்கு ஏகினார். அவர் வரலாற்றை அத்தனாசியார் எழுதிவைத்தார்.

ஜெர்மானிய ஓவியர் மார்ட்டின் ஷோன்கௌவர் 1470களில் இதனைச் செப்புத்தகட்டுச் சித்திரமாகச் செதுக்கினார். பேய்கள் அவரை வானில் தூக்கிப் பிடித்து இழுக்கும் காட்சி அது. இத்தாலியில் அதன் படி ஒன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் கையில் கிடைத்தது. அச்சிறுவனே பின்னாளைய மைக்கேலாஞ்சலோ. அதனைப் பார்த்து அவர் வண்ணத்தில் தீட்டினார். பேய்களின் செதிலுக்கும் கண்ணுக்கும் உரிய நிறங்களை அறிய மீன்கடைக்குச் சென்று மீன்களை உற்று நோக்கினார் என்று அவர் காலத்தில் வாழ்ந்து அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அச்சிறு ஓவியம் எனக் கருதப்படுவது, 2009ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கிம்பெல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இச்செய்தியை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் சிரிப்பதுண்டு. பேயைத் தேடி மீன்கடைக்குப் போவதா? ஆனால் அதனுள் ஆழ்ந்த உள்ளுறை உண்டு. பேய்க்கென்று தனி உறுப்பு ஒன்றும் இல்லை. மீனின் செதில், பறவையின் அலகு, ஆட்டின் கொம்பு, வௌவாலின் சிறகு ஆகியவற்றைக் கடன்வாங்கி ஒட்டியதே அதன் உடல். மீன் தீயதன்று, பறவை தீயதன்று. இறைவன் படைத்தவற்றை இடம்மாற்றி ஒட்டும்போது தீமை பிறக்கிறது. படைக்கும் ஆற்றல் தீமைக்கு இல்லை. கலைத்து அடுக்கும் ஆற்றல் மட்டுமே உண்டு. பசியும் பற்றும் புகழ்விருப்பமும் தம் இடத்தில் நிற்கும்வரை மனிதனின் உறுப்புகள். இடம் மாறினால் பேயின் உறுப்புகள்.

ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில் நெதர்லாந்து நாட்டு ஹீரோனிமஸ் போஷ் தீட்டிய முப்பலகை ஓவியம் இவ்வெண்ணத்தின் உச்சி. லிஸ்பன் நகரில் உள்ள அதில் எரியும் ஊர், வானில் பறக்கும் மீன், பனிச்சறுக்குக் காலணி அணிந்து மடல் கொண்டுவரும் பறவை என்று உலகமே குலைந்து கிடக்கிறது. அத்தனைக்கும் நடுவே அந்தோனியார் மண்டியிட்டிருக்கிறார். அவர் வாளெடுக்கவில்லை, பேய்களோடு வழக்காடவும் இல்லை. விரல்களை வாழ்த்து முத்திரையில் உயர்த்தி, ஓவியத்துக்கு வெளியே நிற்கும் நம்மை நோக்குகிறார். அவருக்குப் பின்னே இடிந்த கட்டடத்தின் இருளுக்குள், எளிதில் கண்ணுக்குப் புலப்படாத சிறு உருவமாக இயேசுநாதர் நிற்கிறார். பேய்கள் பெரியன, பலநிறத்தன, ஆரவாரம் மிக்கன; துணையோ சிறிது, அமைதியானது, தேடுவார்க்கே தெரிவது.

சுரண்டப்பட்ட பொன்

எம் உள்ளத்தை மிகவும் பிணித்த ஓவியம் இவற்றினும் எளியது. சியனா நகர ஓவியர் ஒருவர் ஏறத்தாழ 1435இல் அந்தோனியாரின் வாழ்க்கையைச் சிறு சிறு பலகைகளில் தீட்டினார். பெயர் தெரியாமையால் ஆய்வாளர் அவரை ‘ஒஸ்ஸெர்வான்சா ஆசான்’ என்றே வழங்கிவந்தனர். அப்பலகைகளுள் ஒன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் அலகை அழகிய பெண்ணாக வருகிறது. முதுகில் மட்டும் சிறிய கரிய சிறகுகள். மற்றொன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரண்டாவதில் இலையற்ற மரங்களும் வளைந்த பாதையும் ஒரு முயலும் காணப்படுகின்றன. அந்தோனியார் கைகளைச் சற்றே உயர்த்தித் திடுக்கிட்டு நிற்கிறார். எதைக் கண்டு திடுக்கிட்டார் என்று பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை, வெறுந்தரை. முன்பு அங்கே பொற்குவியல் தீட்டப்பெற்றிருந்தது. பின்னாளில் அது சுரண்டப்பட்டு மறைந்தது என்பர் கலை ஆய்வாளர். வழியில் கிடந்த பொன்னை நெருப்பைக் கடப்பதுபோல் அந்தோனியார் கடந்து சென்றார் என்று அத்தனாசியாரின் வரலாறு கூறும். அந்த நெருப்பு இன்று அணைந்துவிட்டது. கடந்தவரின் கைகள் மட்டும் இன்னும் உயர்ந்தே இருக்கின்றன.

ஓவியர் எண்ணாத பொருளைக் காலம் அதில் எழுதிவிட்டது என்று எமக்குத் தோன்றுகிறது. சோதனை பொருளில் இருந்திருந்தால் பொன் போனபின் படம் பொருளற்றுப் போயிருக்க வேண்டும். அவ்வாறு ஆகவில்லை. வெறுந்தரையின்முன் நிற்கும் அம்முதியவரைக் காணும்போது, அவரவர்க்கு உரிய பொன்னை அவரவரே அவ்விடத்தில் வைத்துக்கொள்கிறோம். ஒருவர்க்குப் பதவி, ஒருவர்க்குப் புகழ், ஒருவர்க்குப் பழிதீர்க்கும் வாய்ப்பு. பொருள் மாறும், விலகும் கை ஒன்றே. பொன்னின் மாற்றை உரைகல் அறிவிக்கும் என்பர். இங்கே பொன்னே உரைகல். மாற்று அறியப்படுவது மனிதன்.

நோயாளியின் வினா

ஆசையினும் வலிய சோதனை ஒன்று உண்டு. அது நம்பிக்கை இழத்தல். அதனைத் தீட்டியவர் மத்தியாஸ் குரூனவால்ட். பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில், கோல்மார் நகர்க்கு அருகே ஐசன்ஹைம் என்னும் ஊரில் அந்தோனியார் சபைத் துறவியரின் மடம் ஒன்று இருந்தது. அங்கு மருத்துவமனையும் இருந்தது. 1512க்கும் 1516க்கும் இடையே அம்மடத்துக்கு அவர் பீட ஓவியங்களைத் தீட்டினார். இன்று அவை கோல்மார் நகரின் உன்டர்லின்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. 2022இல் நிறைவுற்ற சீரமைப்பால் அவற்றின் பழைய ஒளி மீண்டுள்ளது.

அம்மடத்துக்கு வந்தோர் ‘அந்தோனியார் நெருப்பு’ என்னும் கொடுநோயால் வருந்தியோர். கம்புபோல் ஐரோப்பியருக்கு எளிய தானியமாகிய ‘ரை’யில் படரும் ஒரு பூஞ்சையே அதன் காரணம். அத்தானியத்தின் ரொட்டியை உண்டவர்க்குக் கைகால்கள் எரிந்து கறுத்து அழுகும். பசிக்கு உண்ட அப்பமே நஞ்சாயிற்று என்பதை அவ்வேழையர் அறியார். துறவியர் நல்லுணவும் மூலிகை மருந்தும் தந்து பேணினர். நோயாளிகளைப் பீடத்தின் முன்னும் கொண்டுசென்றனர்.

அங்கே அவர்கள் கண்டது யாது? அந்தோனியார் தரையில் வீழ்ந்து கிடக்கிறார். பேய்கள் அவர் தலைமயிரைப் பற்றி இழுக்கின்றன. கோல் ஓங்கி அடிக்கின்றன. ஓவியத்தின் கீழ் இடப்புறத்தில் ஓர் உருவம். வயிறு வீங்கி, உடலெங்கும் புண்ணாகி, தவளைபோல் விரல் ஒட்டிய கால்களோடு அது சரிந்து கிடக்கிறது. அது பேயா, நோயாளியா என்று துணிய முடியவில்லை. கீழ் வலப்புறத்தில் ஒரு சிறு தாள். ‘இறைவனே, நீர் எங்கே இருந்தீர்? என் புண்களை ஆற்ற ஏன் வரவில்லை?’ என்னும் கருத்தமைந்த அந்தோனியாரின் முறையீடு அதில் எழுதப்பெற்றுள்ளது. ஓவியத்தின் உச்சியிலோ ஒளிவட்டத்துள் இறைவன் தோற்றம்; அங்கிருந்து உதவி இறங்கிக்கொண்டிருக்கிறது. வீழ்ந்தவர் கண்ணுக்கு அது இன்னும் எட்டவில்லை.

அம்முறையீட்டைப் பீடத்திலேயே எழுதிவைக்க அத்துறவியர் இசைந்தனரே, அதுவே எம்மை நெகிழ்விப்பது. நோயாளியிடம் ‘முறையிடாதே’ என்று அவர்கள் சொல்லவில்லை. நீ கேட்கும் வினாவை உனக்கு முன் ஒரு புனிதரும் கேட்டார் என்று காட்டினர். அவ்வினா இறைவனை விட்டு விலகும் வினா அன்று. இறைவனை நோக்கியே எழும் வினா. புலம்பும் நாவும் அழைக்கும் நாவே. நம்மிடையே நோயுற்றோரையும் பிள்ளையை இழந்தோரையும் காணச் செல்வோர், அறிவுரை கூறுமுன் அத்தாளினை ஒருமுறை நினைவிற் கொள்வாராக.

முடிவாக

கரிய விலங்காகத் தோன்றிய அலகை, பின்னர் நம் முகம் கொண்டது, துறவியின் அங்கி அணிந்தது, மீன்செதிலைக் கடன்வாங்கிற்று, பொன்னாகக் கிடந்து மறைந்தது, இறுதியில் நோயாளியின் நெஞ்சில் ஐயமாய் அமர்ந்தது. வெளியிலிருந்து உள்ளே வந்த பயணம் இது. உள்ளே வரவர அதனைத் தீட்டுவது ஓவியர்க்குக் கடினமாயிற்று. நமக்கோ அதனைக் காண்பது கடினமாயிற்று.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் அலுவலர்களாகவும் வணிகர்களாகவும் ஆசிரியர்களாகவும் அமரப் போகிறீர்கள். உங்களிடம் வரும் தீமை தன் பெயர் சொல்லி வராது. நட்பு, நன்றிக்கடன், குடும்பநலன், சமுதாயத் தொண்டு என்னும் அங்கிகளை அணிந்து வரும். அவ்வங்கிகள் பெரும்பாலும் மெய்யான நூலால் நெய்தவையாகவே இருக்கும். அங்கி அணிந்த அனைவரையும் ஐயுறுக என்று யாம் சொல்லவில்லை. அது மற்றொரு நோய். உங்கள் உள்ளத்துக்கு மிக இனிமையாகத் தோன்றும் காரணத்தை மட்டும் சற்று நிறுத்தி, அதன் பேச்சில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். விடுபட்ட அப்பெயர்க்கு உரியவர் பெரும்பாலும் வாயில்லாதவர். உங்கள் வாயிற்படி ஏறி வர இயலாதவர்.